கரித்தூளும் சளி டப்பாவும்

போன மாதம் குடியாத்தத்திலிருந்து, பீடி சுற்றும் ஓர் அம்மா மூன்று வார இருமலோடு வந்திருந்தார். சளி டப்பாவை நான் கொடுத்ததும், கூட வந்த மகன் போனை நீட்டினார். ஒரு சொட்டு ரத்தம், ஒரு சிட்டிகை கரித்தூள், பத்து நிமிடத்தில் காசநோய் டிஎன்ஏ தெரிந்துவிடும் என்று யாரோ அனுப்பிய வீடியோ. "அம்மாவுக்கு இதையே பண்ணிடலாமே சார்?" என்றார்.

வேலூரில் டிஎன்ஏ பரிசோதனைதான் என் அன்றாட வேலை. படிக்கும் காலத்தில் இரண்டு வருடம் இதே கரியோடுதான் கிடந்தேன். அதனால் அந்தத் தம்பிக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கரியை வைத்து டிஎன்ஏவைக் கண்டுபிடிக்கலாம் என்பது உண்மைதான். கிருமியின் டிஎன்ஏவில் ஒரு சிறு பகுதிக்கு ஜோடியாகச் சேரும் ஒற்றை இழையைத் தயாரித்து, அதன் நுனியில் ஃபேம் என்ற சாயத்தை ஒட்டுவோம். நீல ஒளி பட்டால் அது 520 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்தில் பச்சையாக ஒளிரும். கரி கலந்த உப்புக் கரைசலில் இந்த இழையை விட்டால், அதன் தட்டையான பேஸ்கள் (டிஎன்ஏவின் எழுத்துகள் என்று சொல்லப்படும் சின்னத் துண்டுகள்) கரியின் பரப்பில் படிந்துகொள்ளும். "அம்மா பீடி இலையை ஒன்று மேல் ஒன்றாக அடுக்குவாங்க இல்ல, அந்த மாதிரி" என்றேன். சாயத்தின் ஆற்றலைக் கரி பிடுங்கிக்கொள்வதால் ஒளி அணைந்துவிடும். ஜோடி இழை வந்து சேர்ந்தால் இரண்டும் முறுக்கிக்கொள்ளும், பேஸ்கள் உள்ளே மறையும், கரியின் பிடி தளரும். மறுபடி பச்சை ஒளி வரும்.

நுண்துளைகள் இருந்தால் பரப்பு கூடும். கேன் தண்ணீர் பிளான்ட்டில் போடுகிற கரியிலேயே ஒரு கிராமுக்கு 1000 சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு இருக்கும். ஆனால் அந்தத் துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறுகல். டிஎன்ஏ இரட்டை இழையின் தடிமனே 2 நானோமீட்டர், அது உள்ளே நுழையவே முடியாது. அதனால்தான் அகலத் துளைக் கரியைத் தனியாகச் செய்கிறார்கள். கொரியாவில் 2000இல் வெளிவந்த சிஎம்கே-3 அப்படிப்பட்டது. சிலிக்கா அச்சின் துளைகளுக்குள் சர்க்கரையை ஏற்றிக் கரியாக்கி, பிறகு அச்சைக் கரைத்து எடுத்துவிடுவார்கள்.

நாங்கள் சீமைக்கருவேலங்கரியை வைத்து ஆரம்பித்தோம். சுத்தமான கரைசலில் அழகாக வேலை செய்தது. அப்புறம் ஒரு நாள், ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில், காசநோய் டிஎன்ஏ எதுவும் சேர்க்காமலே ஓட்டிப் பார்த்தேன். பச்சை ஒளி ஏறியது. கரைசலை ஊற்றி ஒளியை அளக்கும் கியூவெட் என்ற சிறு குப்பியைக் கழுவிவிட்டு மறுபடி வைத்தேன், மறுபடியும் ஏறியது. சீரத்தில் ஆல்புமின் போன்ற புரதங்கள் ஏராளம். எங்கள் இழையைத் தள்ளிவிட்டு அவை கரியில் உட்கார்ந்துகொண்டன. அந்த ஒளியை நம்பி ரிப்போர்ட் எழுதியிருந்தால், நோயே இல்லாத ஒருவர் ஆறு மாதம் மாத்திரை விழுங்கியிருப்பார். ரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்த்துக் காசநோய் சொன்ன கிட்டுகளை 2012இல் மத்திய அரசு தடை செய்ததும் தவறான முடிவுகளால்தான். அது வேறு வகைப் பரிசோதனை என்றாலும், தவறான முடிவால் நோயாளிக்கு வரும் கஷ்டம் ஒன்றுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. கரைசலின் செறிவை நானோமோலாரில் அளப்போம். ஒரு நானோமோலார் என்றால் ஒரு மில்லியில் சுமார் 60 ஆயிரம் கோடி இழைகள். எங்கள் கரி அந்த அளவில்தான் தெளிவாகப் பதில் சொன்னது. மைக்ராஸ்கோப்பில் தெரிய, ஒரு மில்லி சளியில் ஏறக்குறைய 10,000 கிருமிகள் இருந்தாலே போதும். இந்த இடைவெளியைக் கரியால் மட்டும் தாண்ட முடியாது. இருக்கிற டிஎன்ஏவை முதலில் பெருக்க வேண்டும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 30 சுற்றில் 100 கோடியைத் தாண்டும். சளியில் காசநோய் டிஎன்ஏவைத் தேடும் சிபிநாட், ட்ரூநாட் என்ற இரண்டு பரிசோதனைகளும் இதைத்தான் செய்கின்றன. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் வீடியோவுக்காகக் காத்திருக்க வேண்டாம், போய்ப் பாருங்கள்.

"காலையில எழுந்ததும் வெறும் தண்ணியில வாய் கொப்பளிச்சுட்டு, வெளியே காத்தோட்டமா நின்னு, மூணு தடவை நல்லா மூச்சிழுத்து, நெஞ்சிலேர்ந்து இருமித் துப்புங்கம்மா. எச்சில் வேணாம்" என்றேன். மறுநாள் நாங்கள் கதவைத் திறக்கும்போதே மகன் டப்பாவோடு நின்றிருந்தார். மூடி இறுக்கமாக இருந்தது. அடியில் மஞ்சளாக, கெட்டியாக, ஒரு ஸ்பூன் அளவுக்குச் சளி.