ஆனுவல் செடின்னா வருஷத்துக்கு ஒரு தடவ பூக்குறதா?

போன மாசம் எங்க அத்த ஸ்வீட் பீங்கிற பூங்கொடியோட விதை பாக்கெட்ட திருப்பிப் பாத்துட்டு, "ஆனுவல்னு போட்டிருக்கேடா, வருஷத்துக்கு ஒருக்கா பூக்குறதுக்கு எதுக்கு ஒரு தொட்டிய அடைச்சு வைக்கணும்"னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான், ஆனுவல் டே, ஆனுவல் எக்ஸாம்னு நமக்குப் பழகினதெல்லாம் வருஷம் ஒருக்கா வர்றதுதானே. செடிக்கு சொல்லும்போது அது பூக்குற கணக்கு இல்ல, ஆயுசு கணக்கு. விதை முளைச்சு, பூத்து, காய்ச்சு, விதைய உதிர்த்துட்டு அதோட காஞ்சு போற செடிதான் ஆனுவல்.

லத்தீன்ல அன்னுஸ்னா வருஷம், அதுல இருந்து பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்த சொல் இது. பெரென்னியல்லயும் அதே அன்னுஸ்தான், வருஷக்கணக்கா நிக்கிற செடி. அன்னுஸும் நம்ம ஆண்டும் ஒரே சொல்லுன்னு சத்தத்த மட்டும் வச்சு சொல்லிடாதீங்க, ஆண்டோட பழைய வடிவம் யாண்டு, சோழர் கல்வெட்டுல ராஜாவோட ஆட்சி வருஷத்த யாண்டுன்னுதான் வெட்டியிருப்பாங்க.

தமிழ்ல ஓராண்டுத் தாவரம்னும் எழுதுறாங்க, ஒருபருவத் தாவரம்னும் எழுதுறாங்க. எனக்கு ஒருபருவம்தான் சரின்னு படுது. குளிர் நாட்டுல பனி விழுந்தா செடி போச்சு, வருஷத்துக்கு ஒரே பருவம்தான் கிடைக்கும், அதனால அங்க ஆண்டுன்னு சொன்னாலும் பருவம்னு சொன்னாலும் ஒண்ணுதான். நம்ம ஊர்ல ஆடிப்பட்டத்துல விதைச்ச செண்டுமல்லி கார்த்திகையில காஞ்சு நிக்கும், தையில திரும்ப விதைக்கலாம், இதப் போய் ஓராண்டுன்னா எப்படி?

அந்திமந்தாரைய எடுத்துக்கோங்க, இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம். சாயங்காலம் வெயில் இறங்கினதும் விரிஞ்சு வாசல் பூரா மணக்கும், விதை கறுப்பா சுருக்கம் விழுந்து பாக்க அப்படியே மிளகு மாதிரி இருக்கும், உடைச்சா உள்ள வெள்ளையா மாவு. குளிர் நாட்டு பாக்கெட்ல இதையும் ஆனுவல்னு போடுவாங்க, ஏன்னா அங்க மண்ணு உறைஞ்சா கிழங்கும் அழுகிடும். இங்க மேல காஞ்சாலும் கிழங்கு உள்ளயே கிடந்து மழைக்குத் திரும்ப தழைக்கும், அதனால நமக்கு இது பல்லாண்டுச் செடி. பாக்கெட்ட நம்பி பிடுங்கிப் போட்டுடாதீங்க.

திருநீத்துப்பச்சை மாதிரி செடிகள்ல பூங்கதிரு வரும்போதே கிள்ளி விட்டா இன்னும் கொஞ்ச நாள் தழைச்சு வாசம் குடுக்கும், விதை முத்த விட்டா சீக்கிரம் ஓஞ்சிடும்.

அத்தயோட ஸ்வீட் பீக்கு வர்றேன். பொறந்த இடம் சிசிலி, 1699ல கூப்பானிங்கிற துறவி அங்க இருந்து இங்கிலாந்துக்கு விதை அனுப்பினார். இத 'இனிப்புப் பட்டாணி'ன்னு மொழிபெயர்க்கிறது தப்பு மட்டுமில்ல, ஆபத்தும் கூட. இங்க ஸ்வீட்னா ருசி இல்ல, வாசம், தாவரவியல் பேர்ல இருக்கிற ஒடோராட்டஸுக்கும் மணமுள்ளதுன்னுதான் அர்த்தம். மணப்பட்டாணின்னு சொல்லலாம். விதை விஷம், சின்னப் பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க. நம்ம சமவெளி வெயில் தாங்காது, ஐப்பசி கார்த்திகையில ராத்திரி பூரா விதைய தண்ணியில ஊறப்போட்டு ஊனுங்க, ஏறுறதுக்கு ஒரு கயிறு கட்டி விடுங்க.