டிபெண்டென்சி: சார்புநிலை அல்ல, தேவைப்பொதி

‘விடுபட்ட சார்புநிலைகளை நிறுவவும்.’ நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரிகளில் லினக்ஸ் இயங்குதளப் பயிற்சி நடக்கும்போதெல்லாம் இந்த வரி காதில் விழுகிறது. ஆங்கில டிபெண்டென்சியைத்தான் சார்புநிலை ஆக்கியிருக்கிறார்கள், இன்ஸ்டாலை நிறுவு ஆக்கியிருக்கிறார்கள். கையேட்டில் இதுதான், பாடம் எடுப்பவர் வாயிலும் இதுதான். ஒரு நிலையை எப்படி நிறுவுவது என்று யாரும் கேட்பதில்லை.

‘தொங்கு’ என்று பொருள்படும் லத்தீன் வினையில் பிறந்தது டிபெண்ட். ஒன்றைப் பிடித்துத் தொங்குவது, அதனால் அதை நம்பியிருப்பது. பொது ஆங்கிலத்தில் டிபெண்டென்சி என்றால் நம்பியிருக்கும் தன்மை. மென்பொருள்காரர்களோ எதை நம்பியிருக்கிறோமோ அந்தப் பொருளுக்கே இதைப் பெயராக வைத்துவிட்டார்கள். இணையத்திலிருந்து கோப்புகளை இறக்கித் தரும் கர்ல் நிரல் ஓட, லிப்கர்ல் என்ற நிரலகம் (லைப்ரரி) வேண்டும். எனவே லிப்கர்ல்தான் கர்லின் டிபெண்டென்சி. சரி, வரலாறு இவ்வளவு போதும்.

சார்புநிலை என்று எழுதியவர் அகராதியில் முதல் பொருளைப் பார்த்ததோடு நின்றுவிட்டார். லிப்கர்லுக்குப் பெயர் உண்டு, பதிப்பு எண் உண்டு, எழுதியவர்கள் உண்டு, உரிமம் உண்டு. நிலைக்கு இதில் எது உண்டு? பொதி கட்டுகிறவரின், அதாவது மென்பொருளை நிறுவத் தயாரான பேக்கேஜாகக் கட்டித் தருகிறவரின், வேலையில் பாதி இந்த விவரங்களைத் தேடுவதுதான். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் கண்ட்ரோல் என்ற கோப்பில் நிரல் ஓட என்னென்ன வேண்டும் என்று எழுத வேண்டும். காப்பிரைட் என்ற கோப்பில், மூலநிரலில் எந்தப் பகுதி யாருடையது, எந்த உரிமத்தில் வருகிறது என்று எழுத வேண்டும். அப்புறம் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் நிரலகமான ஓப்பன் எஸ்.எஸ்.எல். பட்ட பாடு இதற்குச் சான்று. அதன் பழைய உரிமத்தில், விளம்பரங்களில் தங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. கட்டற்ற மென்பொருள்கள் பலவற்றுக்கு உள்ள ஜி.பி.எல். என்ற உரிமம் அப்படிப்பட்ட கூடுதல் நிபந்தனையை ஏற்காது. அதனால் ஜி.பி.எல். நிரல்களை எழுதிய பலர், ‘இந்த நிரலகத்தோடு மட்டும் இணைத்துக்கொள்ளலாம்’ என்று தனியாக விலக்கு எழுதித் தர வேண்டியிருந்தது. 2021இல் வந்த ஓப்பன் எஸ்.எஸ்.எல். 3.0 பதிப்பு அப்பாச்சி 2.0 உரிமத்துக்கு மாறியது. அது ஜி.பி.எல். மூன்றாம் பதிப்போடு சேரும். இரண்டாம் பதிப்பு மட்டுமே என்று வெளியிட்ட நிரலோடு சேராது. இதை ஒரு மாணவருக்கு ‘சார்புநிலையின் உரிமம்’ என்று விளக்கிப் பாருங்கள். நிலைக்கு ஏது ஐயா உரிமம்?

‘நிலையை வெட்டிவிட்டுச் சார்பு என்றே சொல்லலாமே’ என்பார்கள். நல்ல பழைய சொல்தான். ‘மதலையாஞ் சார்பு’ என்று குறளே தாங்கி நிற்கும் துணையை அந்தச் சொல்லால் குறிக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்புக் கணக்கில் ‘உறவுகளும் சார்புகளும்’ படித்துவிட்டு வரும் பிள்ளைக்குச் சார்பு என்றால் ஃபங்ஷன். நிரல் எழுதும் இடத்திலும் ஃபங்ஷன் வருகிறது. ஒரே வகுப்பில் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் சொல்லிச் சமாளிக்க முடியாது.

சார்புப்பொதி என்றால் குழப்பம் இன்னும் கூடும். இலக்கணத்தில் சார்பெழுத்து என்பது தனித்து நில்லாமல் பிறவற்றைச் சார்ந்து வரும் எழுத்து. அதே வழியில் பார்த்தால் சார்புப்பொதி என்பது சாய்கிற பொதி, அதாவது கர்ல். நமக்கு வேண்டியது தாங்குகிற லிப்கர்ல். திசையே மாறிவிடுகிறது.

தேவைப்பொதி என்று சொன்னால் போதும். ‘இந்தப் பொதிக்கு என்ன தேவை?’ என்றுதானே பேச்சிலும் கேட்கிறோம்? ஆர்.பி.எம். என்ற இன்னொரு வகை லினக்ஸ் பொதிகளிலும் ‘ரிக்வயர்ஸ்’ என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள், அதுவும் தேவைதான். எதிர்த்திசையில் கர்லை, லிப்கர்லைச் சார்ந்த பொதி என்று சொல்லிக்கொள்ளலாம். அங்கே சார்பு தன் சரியான இடத்தில் உட்கார்ந்துவிடும். தேவை ரொம்பச் சாதாரணச் சொல், கலைச்சொல் மாதிரி இல்லை என்று தூய்மை பேசுகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். தேவையைவிடத் தூய தமிழ் வேறு என்ன வேண்டும்? ‘நிலை’, ‘தன்மை’, ‘மை’ என்று வால் ஒட்டினால்தான் கலைச்சொல் என்ற நினைப்பு முதலில் போக வேண்டும்.

பேக்கேஜைத் தொகுப்பு என்பதும் இப்படித்தான். தொகுப்பு என்றால் பலவற்றைச் சேர்த்து வைத்தது. கட்டி எடுத்துப்போவது பொதி. பொதிச்சோறு கட்டிப் பழகிய குமரி மாவட்டத்துக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

லைசென்ஸை உரிமை என்று எழுதுவதுதான் எனக்குப் பொறுக்கவே முடியாதது. பதிப்புரிமை எழுதியவரிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே, நிபந்தனைகளோடு அவர் மற்றவர்களுக்குத் தரும் அனுமதிதான் உரிமம். ஓட்டுநர் உரிமத்தை ஓட்டுநர் உரிமை என்று யாராவது எழுதுவார்களா? எம்.ஐ.டி. என்ற மென்பொருள் உரிமத்தை ‘எம்.ஐ.டி. உரிமை’ என்று படித்தவர், அதில் நிபந்தனையே இல்லை என்று நினைத்துப் பதிப்புரிமை அறிவிப்பை நீக்கிவிட்டுப் பொதி கட்டுவார். அந்த உரிமம் கேட்பதே அந்த அறிவிப்பையும் அனுமதி வாசகத்தையும் நீக்காமல் விடச் சொல்லித்தான். ஒரு பொதியாவது கட்டிப் பார்த்தவரிடம் மொழிபெயர்ப்பைக் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்பியிருந்தால் இந்தத் தவறு கையேட்டுக்குள் வந்திருக்காது.