சொல் விளக்கம்: ஸ்டேக்ஹோல்டர்

எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு வட்டாரத்தில் ஈரநிலத்தையும் பறவைகளையும் பற்றிப் பேசக் கூட்டம் கூடினால், அழைப்பிதழில் ‘ஸ்டேக்ஹோல்டர்’ என்ற சொல் தவறாமல் இடம்பெறும். தமிழ்ப்படியில் அது ‘பங்குதாரர்கள்’ என்று அச்சாகியிருக்கும். கழிமுகத்தில் இறால் பிடிப்பவர், சதுப்பின் ஓரத்தில் எருமை மேய்ப்பவர், ஆலை நிர்வாகம், துறைமுகம், வனத்துறை ஆகிய அனைவரும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். காட்டுயிர்ப் பாதுகாப்பில் உள்ளூர் மக்களையும் இளம் மேய்ப்பர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்னும் திட்டங்களிலும் இச்சொல்லே ஆள்கிறது என்பதால், அதன் பொருளைச் சற்று நின்று பார்ப்பது தகும்.

ஆங்கிலத்தில் ‘ஸ்டேக்’ என்பது பந்தயத்தில் வைக்கும் பணயம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டேக்ஹோல்டர் என்றால், பந்தயம் கட்டிய இருவரின் பணத்தையும் முடிவு தெரியும்வரை கையில் வைத்திருக்கும் மூன்றாம் மனிதர். யார் வென்றாலும் அவருக்கு இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு செயலால் நன்மையோ தீமையோ அடையக்கூடியவர் என்ற இன்றைய பொருள், 1960களில் அமெரிக்க நிர்வாகவியல் எழுத்துகளில் தோன்றி, 1984க்குப் பின் பரவலாயிற்று. பணயத்தோடு ஒட்டும் உறவும் இல்லாதவரைக் குறித்த சொல், பணயம் வைத்தவரையே குறிக்கும்படி ஆகிவிட்டது.

தமிழில் நாம் கொண்ட ‘பங்குதாரர்’, பங்கு என்னும் சொல்லோடு பாரசீகத் ‘தார்’ சேர்ந்தது. ஜமீன்தார், தாசில்தார் போன்றவற்றில் உள்ள அதே விகுதிதான், உடையவர் என்று பொருள். வணிகத்தில் முதல் போட்டுப் பங்கு வாங்கியவருக்கு அது பொருந்தும். அவர் விரும்பினால் பங்கை விற்றுவிட்டு வெளியேறலாம். மேய்ச்சல் நிலத்தை நம்பி மாடு வளர்க்கும் இளைஞர் அப்படி எங்கே வெளியேறுவார்? ‘பங்காளி’ என்ற சொல்லையும் சிலர் பரிந்துரைக்கின்றனர். வடசென்னையில் நண்பரைப் ‘பங்கு’ என்று விளிக்கும் அளவுக்கு அது நெருக்கமான சொல்தான். ஆயினும் சொத்தைப் பிரித்துக்கொள்ளும் தாயாதி உறவும், பங்காளிக் காய்ச்சல் என்னும் வழக்கும் அதனோடு ஒட்டிக்கொண்டே வரும்.

மேய்ப்பர் எந்த வகையில் காட்டுயிர்ப் பாதுகாப்போடு பிணைந்திருக்கிறார் என்பதைப் பார்த்தால் சொல்லின் குறை தெளிவாகும். மாடுகளுக்கு வலிநீக்கியாகப் போட்ட டைக்ளோபினாக், இறந்த மாட்டின் உடலில் எஞ்சியிருந்து, அதைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. இந்தியாவில் 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. நீலகிரி அடிவாரத்து மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள பாறுகள் பிழைப்பதற்குச் சட்டம் மட்டும் போதாது: நோயுற்ற மாட்டுக்கு எந்த ஊசி போடுவது, புலி அடித்த மாட்டின் உடலில் ஆத்திரத்தால் நஞ்சு தடவாமல் விடுவதா என்பவற்றை முடிவு செய்பவர் மாட்டுக்காரர். கென்யாவின் அம்போசெலிப் பகுதியில் 2007 முதல் செயல்படும் ‘லயன் கார்டியன்ஸ்’ அமைப்பு இதை நன்கு உணர்ந்தது. சிங்கத்தைக் கொன்று வீரம் காட்டும் மரபில் வளர்ந்த மாசாய் இளைஞர்களையே அது சம்பளத்துக்கு அமர்த்தி, சிங்கத்தின் தடம் பார்க்கவும், அது நடமாடும் இடத்தை மேய்ப்பர்களுக்கு முன்கூட்டி உரைக்கவும், தொலைந்த மாட்டைத் தேடிக் கொடுக்கவும், பட்டியின் முள்வேலியைப் பலப்படுத்தவும் வைத்தது. அவர்கள் சிங்கங்களுக்குத் தம் மொழியிலேயே பெயரும் சூட்டினர். இதைப் ‘பங்கேற்பு’ என்பது குறைத்துச் சொல்வதாகும். பிறர் நடத்தும் விழாவுக்கு வந்து போவதற்கும் பங்கேற்பு என்றே நாம் சொல்கிறோம்.

வன உரிமைச் சட்டம் 2006, மேய்ச்சலையும் மீன்பிடியையும் நாடோடி மேய்ப்பர்கள் பருவந்தோறும் வந்துபோவதையும் காட்டை நம்பி வாழ்வோரின் உரிமைகளாகவே பட்டியலிடுகிறது. அச்சட்டம் சொல்லும் உரிமையிலிருந்து வரும் ‘உரியோர்’ என்பது, வாழ்வு அந்நிலத்தோடு பிணைந்தவர்களுக்கு ஏற்ற தமிழ் என்பது என் கருத்து. ஆலை, துறைமுகம், அரசுத் துறை, தொண்டு நிறுவனம் ஆகியவற்றுக்குத் ‘தொடர்புடையோர்’ போதும். ஆங்கிலச் சொல் ஒன்றாக்கிய இரு தரப்பைத் தமிழில் இரண்டாகவே வைத்துக்கொள்ள என்ன தடை? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, கூழைக்கடாவின் இறகில் அப்பிய அதே எண்ணெய் மீனவரின் படகிலும் வலையிலும் அப்பியது. அதை அள்ளும் வேலையிலும் மீனவர்களே இறங்கினர். அவர்களையும் எண்ணெய் ஆலையையும் ஒரே பெயரால் அழைப்பது முறையன்று.

இவ்விடத்தில் பழவேற்காட்டு வழக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏரியில் இறால் படும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்கு அங்கே ‘பாடு’ என்று பெயர். ஊரின் தலைக்கட்டில், அதாவது ஊர்க் குடும்பங்களின் கணக்கில், சேர்ந்தவருக்கே அதில் முறை உண்டு. உழைப்பு, துன்பம், வலையில் விழுந்த மீன் எனப் பல பொருளையும் தாங்கும் அச்சொல், உரிமையும் பொறுப்பும் சேர்ந்தே வருவதைக் காட்டுகிறது. ஆயினும் அதிலிருந்து பிறந்த ‘பாட்டாளி’ வேறு பொருளில் நிலைத்துவிட்டதால், அறிக்கைத் தமிழுக்கு ‘உரியோர்’ என்பதே குழப்பமற்றது. ‘உரியோர் கூட்டம்’, ‘உரியோரின் ஒப்புதல்’, ‘மேய்ச்சலுக்கு உரியோர்’ என்று எழுதலாம். ‘பங்குதாரர்’ நிறுவனக் கணக்கேட்டில் இருக்கட்டும்.