ஸ்கிரீனிங்: திரையிடலா, சல்லடையா?

போன மாதம் தாராவி நைன்டி ஃபீட் ரோட்டில் ஒரு பேனர். 'இலவச மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்த் திரையிடல் முகாம், காலை 10 மணி முதல்.' கூட நின்ற மேல்வீட்டு அத்தை கண்ணைச் சுருக்கி வாசித்துவிட்டு, "ஏ தம்பி, என்ன படம் போடுதாவ?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். இந்தத் 'திரையிடலை' நான் பார்ப்பது நாலாவது தடவை.

பேனர் சொல்ல வந்தது ஆங்கிலத்தில் ஸ்கிரீனிங். அதன் வேரான ஸ்கிரீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். முதலில் கணப்புச் சூட்டை மறைக்கும் தட்டி. பிறகு தானியம், நிலக்கரி சலிக்கும் சல்லடைக்கும் அதே பெயர். மருத்துவத்தில் வழங்குவது இந்தச் சல்லடைப் பொருள்தான்.

மொழிபெயர்த்தவர் தட்டியோடு நின்றுவிட்டார். தமிழில் திரை எதையாவது காட்டுகிறதா? சினிமாத் திரை போன்றவற்றை விட்டால் பெரும்பாலும் மறைப்புதான். திரைமறைவு என்கிறோம், திரை போட்டு மூடு என்கிறோம். ஒளிந்திருக்கும் நோயை வெளியே கொண்டுவரும் வேலைக்கு மூடி மறைக்கும் சொல்லா? அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிறவர்கள், எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் போதும். படிப்பதில்லை.

'வடிகட்டல்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதைக் கேட்டால் டயாலிசிஸ் என்று நினைப்பார்கள். 'பரிசோதனை' தப்பில்லை, ஆனால் தளர்ந்த சொல். கட்டி தெரிந்த பிறகு அதில் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியும் பரிசோதனைதான். ஸ்கிரீனிங் என்பது ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்குச் செய்வது. 'முன்கண்டறிதல்' அதன் பலன், செயலின் பெயர் அல்ல.

நான் சொல்வது சல்லடைச் சோதனை. 'சலிப்புச் சோதனை' என்றுதான் முதலில் யோசித்தேன். வருகிறவர்கள் கொட்டாவி விடுவார்களே என்று கைவிட்டேன். ஊரையே சல்லடை போட்டுத் தேடினார்கள் என்று நாம் சொல்வதில்லையா, அதே சல்லடை. மாவு சலிக்கும்போது மேலே தங்குவதெல்லாம் கல் இல்லை, வெறும் மாவுக்கட்டியாகவும் இருக்கும். எடுத்து நசுக்கிப் பார்க்கிறோம். இங்கே அந்த வேலையைப் பயாப்ஸி செய்கிறது. ஒரு கல் கண்ணுக்குத் தப்பிக் கீழேயும் விழலாம். அதனால்தான் ஒரு தடவையோடு விடாமல் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பச் சலிக்கிறார்கள். 'பரிசோதனை' இதையெல்லாம் சொல்லுமா?

இதே மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் குடிசைப்பகுதிகளில் தொடங்கிய கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வும் இந்தச் சலிப்புதான். 35 முதல் 64 வயது வரையுள்ள பெண்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர். அவர்களில் பாதிப் பேருக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை, நாலு சுற்று. மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வினிகரின் அமிலத்தைத் தடவி, கருப்பைவாயில் சந்தேகப்படும்படி வெளுக்கும் இடம் உண்டா என்று பார்த்தார்கள். சலிக்கப்படாத பாதியைவிட அந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 31 விழுக்காடு குறைவு.

அத்தைக்குச் சல்லடை என்று சொன்னதும் விளங்கிவிட்டது. "வலிக்குமா?" என்பதுதான் அடுத்த கேள்வி. முகாம் நடத்துகிறவர்களிடமும் போய்ச் சொன்னேன். புதுப் பேனர் மூன்றாம் நாள் தொங்கியது: 'சலடைச் சோதனை.' ஓர் எழுத்தை அச்சகம் சலித்துவிட்டது.