ஃபேட்அவே கேர்ள்: மங்கவில்லை, கரைகிறாள்

1908 மே மாதம் வந்த 'லைஃப்' இதழ் ஒன்றின் அட்டையில் கோல்ஸ் பிலிப்ஸ் (1880–1927) என்ற அமெரிக்க ஓவியர் ஒரு வித்தை காட்டினார். பெண்ணின் உடைக்கும் பின்னணிக்கும் ஒரே நிறம்; நடுவே கோடு கிடையாது. அவளுக்கும் அவளுக்குப் பின்வந்த அவள் சாயல் பெண்களுக்கும் நிலைத்த பெயர் 'ஃபேட்அவே கேர்ள்' (Fadeaway Girl). அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் இங்கே கேள்வி. (இது பழைய நகைச்சுவை வார இதழ். புகைப்படங்களுக்குப் பேர்போன 'லைஃப்' 1936இல் அந்தப் பெயரை விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தது.)

நீலத் தாளில் நீலக் கவுன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம், முழங்கைக்குக் கீழே கை, இடுப்பு நாடா, செருப்பு நுனி, இவ்வளவுதான் வரைந்திருக்கும். நான்கும் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதால் கவுனின் வளைவை நம் கண்ணே போட்டுக்கொள்கிறது. துணியில் புள்ளி இருந்தால் இன்னும் வேடிக்கை: புள்ளி நிற்கும் இடத்தில் கவுன் முடிகிறது.

அக்காலத்தில் 'கேர்ள்' என்பது ஓவியர் பெயரோடு ஒட்டும் வால். கிப்சன் கேர்ள், கிறிஸ்டி கேர்ள் என்பார்கள். பிலிப்ஸின் பெண்ணுக்கோ உத்தியே பெயராகிவிட்டது. ஹோல்புரூஃப் காலுறைக்கும் கம்யூனிட்டி பிளேட் கரண்டிக்கும்கூட அவர் விளம்பரம் வரைந்திருக்கிறார்.

'ஃபேட்' பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். வெளிறிய, சாரமற்ற என்பது மூலப் பொருள். அதை நம்பி 'மங்கும் மங்கை' என்றால் எதுகை மோனை பிரமாதம், பொருள் தவறு. சாயம் போன துணிதான் மங்கும். இங்கே நிறம் துளியும் குறையவில்லை. போனது விளிம்பு மட்டும். மங்கை என்பதும் பொருந்தாது: பழைய பருவக் கணக்கில் மங்கைக்கு வயது 12, 13தான். இவளோ நாகரிக உடையில் நிமிர்ந்து நிற்கும் பெண்.

என் தேர்வு 'கரையும் நங்கை'. தண்ணீரில் கரைந்த உப்பு மாதிரி: இருக்கிறாள், ஆனால் பிரித்துக் காட்ட முடியாது. சேலையின் ஓரத்துக்கும் நம்மிடம் கரை என்றுதான் பெயர். கரை இல்லாததால் கரைகிறாள். வினைத்தொகையாகச் சுருக்கிக் 'கரைநங்கை' என்றும் சொல்லலாம்; ஆற்றங்கரையில் நிற்பவள் என்று யாராவது படித்துவிடுவார்கள் என்பதால் நான் 'கரையும்' என்றே எழுதுகிறேன்.