ஏழு நாள் சராசரி: எதை எத்தனையால் வகுத்தீர்கள்?

மொரிசியசில் ஜனவரி மாத விற்பனை ரிப்போர்ட்டைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். 1, 2 இரண்டு நாளும் அரசு விடுமுறை. தைப்பூசக் காவடிக்கும் விடுமுறை உண்டு, அது பெரும்பாலும் ஜனவரி கடைசியில் அல்லது பிப்ரவரி தொடக்கத்தில் வரும். இடையில் புயல் வந்தால் கேட்கவே வேண்டாம். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களையே வெள்ளம் இழுத்துப் போனது. இப்படிக் கடை திறக்காத நாட்கள் கலந்த மாதத்திலும் டாஷ்போர்டில் ‘ஏழு நாள் சராசரி’ என்று ஒரு கோடு அழகாக ஏறி இறங்கும். அதைப் பார்த்துத்தான் அடுத்த வாரச் சரக்குக்கு ஆர்டர் போகும்.

மைக்ரோசாஃப்டின் பவர் பிஐ என்ற மென்பொருளில் செய்யும் ரிப்போர்ட்டுகளைச் சரிபார்ப்பது என் வேலை. அந்தக் கோடு எதன் சராசரி, எத்தனையால் வகுத்தது என்று கேட்டால், ஃபார்முலா எழுதியவரே பல நேரம் யோசிக்கிறார்.

அந்த ஃபார்முலாக்களை எழுதும் மொழி டாக்ஸ் (DAX). அது 2010-இல் எக்செலின் பவர்பிவட் என்ற கூடுதல் வசதியோடு வந்தது. பார்வைக்கு எக்செல் ஃபார்முலா போலவே இருப்பதால்தான் இவ்வளவு குழப்பம். எக்செலில் பி2 என்று ஒரு கட்டத்தைச் சொல்லலாம். டாக்ஸில் அப்படிக் கட்டம் எதுவும் கிடையாது, அட்டவணையும் நெடுவரிசையும்தான் உண்டு.

விற்பனை அட்டவணையில் ஒரு நெடுவரிசை சேர்த்து ‘அளவு பெருக்கல் விலை’ என்று எழுதினால், ஒவ்வொரு வரிசைக்கும் அதனதன் தொகை வரும். கணக்குப்பிள்ளை பேரேட்டில் விரல் வைத்து வரி வரியாக இறங்குவது போலத்தான். இது ரோ கான்டெக்ஸ்ட். அதே இடத்தில் கூட்டித் தரும் சம் (SUM) போட்டுப் பாருங்கள், எல்லா வரிசையிலும் மொத்த விற்பனையே வந்து நிற்கும். விரல் ஒரு வரியில் இருந்தாலும் பேரேட்டின் மற்றப் பக்கங்களை யாரும் மூடவில்லையே. பக்கங்களை மூடுவதும் திறப்பதும் ஃபில்டர் கான்டெக்ஸ்ட். ரிப்போர்ட்டில் தேர்வு செய்யும் பெட்டியான ஸ்லைசரில் தேர்ந்த மாதமும் சார்ட்டின் அச்சில் இருக்கும் தேதியும் அந்த வகை.

கால்குலேட் (CALCULATE) என்ற ஃபங்ஷன் வந்தால் கதை மாறும். நிற்கும் வரிசையின் மதிப்புகளை எடுத்து ஃபில்டராக்கிவிடும். இதைத்தான் கான்டெக்ஸ்ட் ட்ரான்சிஷன் என்கிறார்கள். இதில் ஒரு கண்ணி உண்டு. பில் எண் இல்லாத அட்டவணையில் ஒரே நாளில் ஒரே பொருள், ஒரே அளவு, ஒரே விலையில் இரண்டு முறை பதிவாகியிருந்தால், ஃபில்டருக்கு அந்த இரண்டு வரிசைக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் கூட்டுத்தொகையே வரும்.

சரி, சராசரிக்கு வருவோம். ஒரு கடை வாரத்தில் 5 நாள் திறந்து, நாளுக்கு 14,000 ரூபாய்க்கு விற்றது என்று வையுங்கள். மொத்தம் 70,000. தேதிகளை எடுத்துத் தரும் டேட்ஸ்இன்பீரியட் மூலம் கடைசித் தேதியிலிருந்து 7 நாள் பின்னோக்கி எடுத்து, தொகை நெடுவரிசைக்கு ஆவரேஜ் போட்டால் ஏதோ சில நூறு ரூபாய் வரும். அது பில்லில் உள்ள ஒரு வரியின் சராசரி, நாளின் சராசரி அல்ல. வரிசை வரிசையாகக் கணக்கிட்டுச் சராசரி எடுக்கும் ஆவரேஜ்எக்ஸ் கொண்டு தேதி தேதியாகப் போய், உள்ளே சம் எழுதினால் 70,000 வரும், ஏனென்றால் ஒவ்வொரு தேதியிலும் அந்த வாரத்தின் மொத்தமே கிடைக்கிறது. சம் இருந்த இடத்தில் ‘மொத்த விற்பனை’ என்ற மெஷரின் (பெயரிட்டுச் சேமித்த ஃபார்முலாவின்) பெயரைப் போட்டால் 14,000 வரும். மெஷரைப் பெயர் சொல்லி அழைத்தாலே கண்ணுக்குத் தெரியாத ஒரு கால்குலேட் அதைச் சுற்றிக்கொள்ளும். இது புரிந்தால் டாக்ஸில் பாதி பயம் போய்விடும்.

ஆனால் 14,000 சரியான விடைதானா? ஆவரேஜ்எக்ஸ் வெற்று மதிப்புகளை வகுக்கும் எண்ணிக்கையில் சேர்க்காது, அதனால் 5-ஆல்தான் வகுத்தது. வாடகைக்கும் கடன் தவணைக்கும் பணம் ஒதுக்குபவருக்கு 7-ஆல் வகுத்த 10,000 வேண்டும். அவருக்கு மொத்தத்தைத் தேதிகளின் எண்ணிக்கையால் டிவைட் செய்து கொடுங்கள். கடை திறக்கும் நாளுக்குச் சரக்கு வாங்குபவருக்கு 14,000 பொருந்தும்.

பொருள்வாரியாகப் பிரித்தால் அதுவும் பொருந்தாது. கடை திறந்திருந்த 5 நாளில் ஒரு பொருள் 2 நாள் மட்டும், நாளுக்கு 10 பெட்டி விற்றது என்றால் ஆவரேஜ்எக்ஸ் 10 என்று சொல்லும். உண்மையில் திறந்த நாளுக்கு 4 பெட்டிதான். மற்ற 3 நாள் கடை இருந்தது, வாங்க ஆள் இல்லை. அது பூஜ்யம், விடுமுறை அல்ல. இரண்டும் டேட்டாவில் வெற்றிடமாகவே தெரிவதால் டாக்ஸ் தானாகப் பிரித்துச் சொல்லாது. நாளுக்கு ஒரு வரிசை உள்ள தேதி அட்டவணையில் ‘கடை திறந்ததா’ என்று ஒரு நெடுவரிசையை நீங்கள்தான் நிரப்ப வேண்டும், புயல் நாட்கள் உட்பட. இந்த ஒன்றை மட்டும் செய்யாத ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

மாதத்தின் முதல் தேதியில் ஏழு நாள் சராசரியும் அந்த ஒரு நாள் விற்பனையும் ஒன்றாக இருந்தால் தேதி அட்டவணையைப் பாருங்கள். 20240115 போன்ற எண்ணை வைத்து விற்பனை அட்டவணையோடு உறவு ஏற்படுத்தி, அதைத் தேதி அட்டவணை என்று பவர் பிஐயில் குறிக்காமல் விட்டிருப்பார்கள். மாத ஃபில்டர் விலகாமல் முந்தைய மாதத்து நாட்களை வெட்டியிருக்கும்.

2024 பிப்ரவரியில் முன்னோட்டமாக வந்த விஷுவல் கால்குலேஷனில் (சார்ட்டுக்குள்ளேயே எழுதும் கணக்கில்) மூவிங்ஆவரேஜ் இருக்கிறது, எழுத எளிது. ஆனால் அது எண்ணுவது சார்ட்டில் தெரியும் வரிசைகளைத்தான். கடை மூடிய தேதிகள் சார்ட்டில் இல்லையென்றால் 7 வரிசை என்பது 9 நாளாகவும் இருக்கலாம்.

அப்புறம், இங்கே பல கணினிகள் பிரெஞ்சு அமைப்பில் ஓடுகின்றன. அவற்றில் எக்செல் ஃபார்முலாவில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி கேட்கும். பவர் பிஐ டெஸ்க்டாப்பில் எது வேண்டும் என்பதை ஆப்ஷன்ஸில் தேர்ந்துகொள்ளலாம். வேறொருவர் அனுப்பிய ஃபார்முலா ஓடவில்லையென்றால் தர்க்கத்தைக் குடைவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.