நின்றுபோன ஜனதா வாட்ச் எப்படி மறுபடி ஓடுகிறது?

என் அத்தை நர்ஸாக வேலை பார்த்தவர். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை அவர் கையில் இருந்தது ஆண்கள் கட்டும் எச்.எம்.டி. ஜனதா வாட்ச். அந்தக் காலத்துப் பெண்கள் வாட்ச் பல சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், வினாடி முள் இருக்காது. நாடி பார்க்க வினாடி முள் வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவார். சங்கிலியைத் தன் மெலிந்த மணிக்கட்டுக்கு ஏற்றபடி குறைத்துக்கொண்டு அந்தப் பெரிய வாட்ச்சையே கட்டிக்கொண்டார்.

அவர் போன பிறகு வாட்ச் என்னிடம் வந்தது. சாவி கொடுத்தால் நாலைந்து டிக் கேட்கும், அப்புறம் நின்றுவிடும். சங்கிலியோ என் மணிக்கட்டை ஏறவே விடவில்லை. இந்த இரண்டையும் சரிசெய்யப் போனபோது கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். இதே மாதிரி ஒரு வாட்ச் உங்கள் வீட்டு பீரோவிலும் கிடக்கலாம்.

1953இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்ற அரசு நிறுவனம்தான் எச்.எம்.டி. இயந்திரம் செய்யும் இயந்திரங்களைச் செய்துகொண்டிருந்த அந்நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஜனதா அந்த உறவில் பிறந்தது. பேட்டரி கிடையாது, தானாகச் சாவி ஏறாது. தினமும் ஒரு முறை நாம்தான் திருக வேண்டும். பிறகு குவார்ட்ஸ் வாட்ச்கள் வந்தன, நம் ஓசூரிலேயே டைட்டன் தொழிற்சாலை எழுந்தது, காலம் மாறியது. 2016இல் எச்.எம்.டி.யின் வாட்ச் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. ஆனால் செய்து விற்ற வாட்ச்கள் எங்கும் போய்விடவில்லை.

பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது முன்னும் பின்னும் சுழன்றாடும் ஒரு சக்கரம். அதுதான் பேலன்ஸ் வீல். அதன் நடுவில் தலைமுடியைவிட மெலிதான ஹேர் ஸ்பிரிங் சுருள் சுருளாக இருக்கும். சக்கரம் ஒரு பக்கம் திரும்பினால் சுருள் இறுகி அதைத் திருப்பி இழுக்கும், மறுபக்கம் போனால் விரிந்து திருப்பித் தள்ளும். ஊஞ்சலைப் போலத்தான். ஆனால் ஊஞ்சலை ஆட்டுவது புவியீர்ப்பு. அதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு நடக்க முடியாது. கையை எப்படித் திருப்பினாலும் ஆடும் ஓர் ஊஞ்சல் வேண்டும் என்றால் ஈர்ப்பின் இடத்தில் ஸ்பிரிங் வர வேண்டும். 1675இல் டச்சு அறிவியலர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் அந்தச் சுருளைக் கடிகாரத்தில் வைத்துக் காட்டினார். அந்த யோசனை முதலில் தன்னுடையது என்று இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் சண்டைக்கு நின்றார். ஹூக்கை மறந்துவிடாதீர்கள், சங்கிலியிடம் போகும்போது மறுபடி வருவார்.

ஜனதாவில் இந்த ஆட்டம் வினாடிக்கு 5 டிக். ஒரு மணிக்கு 18,000. ஒரு நாளில் 4,32,000. ஓராண்டு நிற்காமல் ஓடினால் 15 கோடியே 76 லட்சத்தைத் தாண்டும். இதற்கான சக்தி எல்லாம் காலையில் நாம் சாவி கொடுக்கும் அந்த அரை நிமிடத்தில் உள்ளே போவதுதான்.

நாம் சாவி கொடுக்கும்போது, சின்னப் பீப்பாய் போன்ற ஒரு டப்பாவுக்குள் இருக்கும் மெயின் ஸ்பிரிங் இறுகுகிறது. அது விரியப் பார்க்கும்போது பீப்பாய் மெல்லச் சுற்றும்; ஒரு சுற்றுக்குப் பல மணி நேரம் ஆகும். அதன் பல்லில் மாட்டிய சக்கரம் இன்னும் வேகமாக, அதற்கு அடுத்தது அதைவிட வேகமாகச் சுற்றி, கடைசியில் இருக்கும் எஸ்கேப் வீல் மணிக்கு 600 சுற்று சுற்றுகிறது. வழக்கமாக அதற்கு 15 பல். ஒரு பல் கடக்க இரண்டு டிக். பதினைந்தை இரண்டால் பெருக்கி, அதை 600ஆல் பெருக்கிப் பாருங்கள்: சரியாக 18,000. எஸ்கேப் வீலை லீவர் என்ற சின்னக் கவை ஒவ்வொரு பல்லாக விட்டு விட்டுப் பிடிக்கிறது. பிடிக்கும் சத்தம்தான் டிக். விடும் ஒவ்வொரு முறையும் பேலன்ஸ் வீலுக்கு ஒரு சின்ன உதை கிடைக்கிறது, ஊஞ்சலில் இருக்கும் குழந்தையைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுகிற மாதிரி.

வேகம் சில ஆயிரம் மடங்கு கூடினால் திருகுவிசை அதே அளவு மடங்கு குறையும். இயற்பியல் இதில் விட்டுக்கொடுக்காது. மெயின் ஸ்பிரிங்கில் விரலை வெட்டும் அளவு வலு இருக்கிறது. கடைசிச் சக்கரத்திடம் வந்து சேரும்போது ஒரு தூசி அதை நிறுத்திவிடலாம். பழைய வாட்ச் நின்றுபோவதற்கான காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. உடைந்தது எதுவுமே இல்லாமல் நின்றுபோன வாட்ச்கள் நிறைய.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக் அண்ணன், கண்ணில் லென்ஸைச் செருகி ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எதுவும் உடையல. எண்ணெய் பசையாயிருச்சு. இதுக்கு முன்னாடி யாரோ எண்ணெயை ஊத்தியிருக்காங்க."

உண்மைதான். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு கடையில் கொடுத்திருந்தோம். கழுவாமலே மேலே எண்ணெய் விட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாதம் ஓடியது.

எண்ணெய் ஏன் பசையாகிறது? அடுப்படி ஜன்னல் கம்பியில் படிந்த எண்ணெயைத் தொட்டுப் பாருங்கள். காற்றில் உள்ள ஆக்சிஜனோடு மெல்ல மெல்லச் சேர்ந்து அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன, தூசியும் சேர்கிறது. வாட்ச்சுக்குள்ளும் அதேதான். காய்ந்த எண்ணெய் வெறுமனே இழுத்துப் பிடிப்பதோடு நிற்காது. அதில் ஒட்டிய தூசி உப்புத்தாள் போல எஃகு அச்சைத் தேய்க்கும். "ஓடத்தானே செய்கிறது" என்று சர்வீஸ் செய்யாமலே ஓட்டும் வாட்ச் தன்னையே அரைத்துக்கொண்டிருக்கிறது.

இங்கேதான் டயலில் பெருமையாக எழுதியிருக்கும் 17 கற்களின் வேலை. அவை அழகுக்காக வைத்தவை அல்ல. ஆலையில் செய்த செயற்கை மாணிக்கங்கள். ஒகுஸ்ட் வெர்னாய் என்ற பிரெஞ்சு வேதியியலர் 1902இல் வெளியிட்ட முறை, அலுமினா தூளைச் சுடரில் உருக்கி மாணிக்கம் வளர்ப்பதை மலிவாக்கியது. கடினத்தில் வைரத்துக்கு அடுத்த வரிசை, கண்ணாடி போல வழவழப்பு. சக்கரத்தின் எஃகு அச்சு பித்தளைத் துளையில் சுழன்றால் துளை நீள்வட்டமாகத் தேய்ந்துவிடும். மாணிக்கத் துளையில் பல பத்தாண்டுகள் சுழலும். 17 என்பதற்கு வழக்கமான கணக்கு இது: பேலன்ஸ் வீலுக்கு மேலும் கீழும் இரண்டிரண்டு, லீவரைத் தட்டும் கல் ஒன்று, லீவரின் இரு கைகளில் இரண்டு, லீவர் அச்சுக்கு இரண்டு, நான்கு சக்கரங்களுக்கு இரண்டிரண்டு.

ஒவ்வொரு துளைக் கல்லின் வெளிப்பக்கத்திலும் கிண்ணம் போல ஒரு குழிவு உண்டு. எனக்கு இந்த வாட்ச்சிலேயே மிகப் பிடித்த இடம் அது. எண்ணெய் எப்போதும் குறுகலான இடத்தை நாடும். திரி எண்ணெயை இழுப்பதும் இதே நுண்புழை விசையால்தான். துளி சரியான அளவில் இருந்தால், குழிவின் வடிவமே அதை அச்சின் பக்கம் இழுத்துப் பல ஆண்டுகள் பிடித்துவைக்கும். துளி பெரிதாகி விளிம்பைத் தாண்டினால் அதே விசை எண்ணெயை வெளியே தட்டின் மேல் பரப்பிவிடும், அச்சு வறண்டுபோகும். நிறைய எண்ணெய் விட்டால் நன்றாக ஓடும் என்பது தையல் மெஷினுக்குப் பொருந்தலாம், வாட்ச்சுக்குப் பொருந்தாது. ஊசிமுனையில் எடுக்கும் துளிதான் அளவு. ஹேர் ஸ்பிரிங்கில் அந்தத் துளிகூடப் படக் கூடாது, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அண்ணன் எல்லாவற்றையும் கழற்றினார். முதல் வேலை மெயின் ஸ்பிரிங்கில் மிச்சமிருந்த இறுக்கத்தை மெல்ல விடுவித்தது. அதைச் செய்யாமல் லீவரைத் தூக்கினால் சக்கரங்கள் ஒரே வீச்சில் சுழன்று பல் உடையும். பிறகு பாகங்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோலில் கழுவினார். பெரிய சர்வீஸ் நிலையங்களில் இதற்குத் தனித் திரவங்களும் மீயொலி இயந்திரமும் உண்டு. ஒலி அலையில் உருவாகும் நுண்குமிழிகள் வெடித்து அழுக்கைக் கிளப்பும். நம் கடைவீதியில் பெட்ரோல்தான், தீயிடம் கவனம் வேண்டும்.

ஸ்பிரிட்டில் கழுவலாமா என்று கேட்டேன். நர்ஸ் வீட்டுப் பிள்ளைக்கு அதுதானே தோன்றும்! "லீவர் கல்லு கழண்டுரும் தம்பி, அரக்குல ஒட்டியிருக்கு" என்றார். லீவரின் இரு கற்களையும் பேலன்ஸில் உள்ள தட்டுகல்லையும் பிடித்திருப்பது அரக்கு, மரத்தில் வாழும் பூச்சி சுரக்கும் அதே அரக்கு. சூடாக்கினால் இளகும், கல்லை நகர்த்தலாம், ஆறினால் இறுகிப்பிடிக்கும். பெட்ரோலில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். சுவிட்சர்லாந்தின் விலையுயர்ந்த வாட்ச்களிலும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆகவே வீட்டில் சானிடைசரையோ ஸ்பிரிட்டையோ வாட்ச்சுக்குள் விட்டு ஆராய்ச்சி செய்ய வேண்டாம்.

பூட்டி முடித்து, எண்ணெய் வைத்து, சின்ன மைக் உள்ள ஒரு கருவியில் வாட்ச்சை மாட்டினார். அது டிக் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும். நமக்கு ஒரு சத்தமாகக் கேட்பது உண்மையில் அடுத்தடுத்து மூன்று தட்டல்கள். முதல் தட்டலுக்கும் கடைசித் தட்டலுக்கும் இடையில் பேலன்ஸ் எத்தனை பாகை திரும்புகிறது என்பது அந்த ரக வாட்ச்சுக்கு முன்பே தெரிந்த அளவு. அதைக் கடக்க எடுத்த நேரத்திலிருந்து வேகம், வேகத்திலிருந்து ஆட்டத்தின் வீச்சு. நல்ல நிலையில் இருக்கும் வாட்ச் முழுச் சாவியில் ஒரு பக்கத்துக்கு 270 பாகைக்கு மேல் ஆடும். அத்தையின் வாட்ச் 262 காட்டியது. ஒரு நாளைக்கு 40 வினாடி முந்துகிறது என்றும் காட்டியது.

முந்துவதைக் குறைக்க பேலன்ஸுக்கு மேல் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. அதை நகர்த்தினால் ஹேர் ஸ்பிரிங்கில் ஆடும் பகுதியின் நீளம் மாறும். நீளம் கூடினால் ஸ்பிரிங் தளர்ந்து ஆட்டம் மெதுவாகும், குறைந்தால் விறைத்து வேகமாகும். ஒரு வாட்ச் திடீரென்று தினம் பல நிமிடம் முந்தத் தொடங்கினால் காந்தத்தைச் சந்தேகப்படுங்கள். ஸ்பீக்கர் பக்கத்திலோ காந்தப் பூட்டு வைத்த பையிலோ கிடந்திருக்கலாம். சுருள்கள் காந்தமேறி ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங் குட்டையாகிவிட்ட மாதிரிதான். மாறுமின்னோட்டக் கம்பிச்சுருள் ஒன்றின் அருகே காட்டி மெல்ல விலக்கினால் காந்தம் இறங்கிவிடும்.

வினாடி 40ஐ 15 ஆக்கினார். அதற்கு மேல் வேண்டாம் என்றேன். நாடி பார்க்க இது போதுமா என்று அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 5 நிமிடம் பிந்தும் மோசமான வாட்ச்சாகவே இருந்தாலும், அரை நிமிடத்தில் அதன் பிழை பத்தில் ஒரு வினாடிதான். ஒரு துடிப்புகூடத் தவறாது. அத்தை கவலையே இல்லாமல் எண்ணியிருக்கலாம்.

டயலைத் தொடவில்லை. ஆறு மணிப் பக்கம் ஒரு பழுப்புக் கறை இருக்கிறது, இருக்கட்டும். டயலின் எழுத்துகள் மெல்லிய மை அச்சு, துடைத்தால் போய்விடும். புதிதாகப் பெயின்ட் அடித்த டயலோடு பளபளக்கும் பழைய எச்.எம்.டி.க்கள் இணையத்தில் நிறைய விற்பனைக்கு வருகின்றன. எனக்கு அவற்றைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. இந்த வாட்ச்சின் உறை பித்தளைமேல் குரோம் பூசியது. பாலிஷ் போட்டால் பூச்சு கரைந்து பித்தளை தெரியும், அப்புறம் வியர்வையின் உப்பு அதை அரிக்கும். கண்ணாடி என்று நாம் சொல்வது அக்ரிலிக். கீறலைப் பற்பசை தேய்த்தே எடுத்தேன். இன்னொன்று: 1960களுக்கு முந்தைய, இருட்டில் ஒளிர்ந்த முள் உள்ள வெளிநாட்டு வாட்ச் உங்களிடம் இருந்தால் அதை நீங்களே திறக்காதீர்கள். அந்தப் பூச்சு ரேடியமாக இருக்கலாம். ஒளி செத்திருக்கும், ரேடியம் சாகாது. அதன் அரையாயுள் 1,600 ஆண்டு. தூளை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து.

சரி, சங்கிலி. அத்தையுடையது இழுத்தால் விரியும் எஃகுச் சங்கிலி. ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஒரு தகட்டு ஸ்பிரிங் ஒளிந்திருக்கும். இங்கேதான் ஹூக் திரும்ப வருகிறார். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு விசை என்று 1678இல் எழுதியவர் அவர். அந்த விதி ஓர் எல்லைவரைதான் செல்லும். எல்லைக்கு மேல் இழுத்தால் எஃகு பழைய நிலைக்குத் திரும்பாது. சங்கிலி கட்டைவிரல் மூட்டைத் தாண்டி ஏற வேண்டும். என் கையில் அந்தச் சுற்றளவு 23 சென்டிமீட்டர், மணிக்கட்டு 18. தேவைப்படும் விரிவை எல்லாக் கண்ணிகளும் பங்குபோட்டுக்கொள்ளும். கண்ணி குறைந்தால் ஒவ்வொன்றின் பங்கும் கூடும். அத்தையின் 15 சென்டிமீட்டர் மணிக்கட்டுக்கு வெட்டிய சங்கிலியை நான் பலவந்தமாக மாட்டியிருந்தால், ஒரு மாதத்தில் அது நிரந்தரமாகத் தொளதொளத்திருக்கும்.

அதனால் கண்ணி சேர்க்க வேண்டும். உள்பக்கத்து மடிப்புத் தகட்டை மெல்லியத் திருப்புளியால் நிமிர்த்தி, இரு கண்ணிகளைப் பிணைக்கும் லாட வடிவக் கம்பியை வெளியே தள்ளினால் பிரிந்துவிடும். இடையில் புதுக் கண்ணியை வைத்து மறுபடி செருகி, தகட்டை மடிக்க வேண்டும். அதே அகலம், அதே ரகம் என்றால்தான் பொருந்தும். அண்ணனிடம் இல்லை. பழைய சங்கிலிகள் கிடந்த டப்பாவைக் கொட்டித் தேடியும் ஒத்தது கிடைக்கவில்லை. லெதர் ஸ்ட்ராப் போட்டுவிடலாம் என்று முடிவுசெய்து, உறையின் காதுகளுக்கு நடுவிலுள்ள அகலத்தைக்கூட அளந்துவிட்டோம்.

அந்த வாரம் அத்தையின் டிரங்குப் பெட்டியை அப்பா ஒழித்துக்கொண்டிருந்தார். அடியில், ரப்பர் மூடி போட்ட பழைய ஊசி மருந்துக் குப்பி ஒன்று. ஆட்டினால் கலகலத்தது. உள்ளே ஏழு கண்ணிகள், பிணைப்புக் கம்பிகளோடு. என் கைக்கு ஐந்து போதுமானதாக இருந்தது. மிச்சம் இரண்டைக் குப்பியிலேயே போட்டு மூடி வைத்திருக்கிறேன்.